கலைக்கல்வியில் ஏடும் கையும்

பல்கலைக்கழகங்களில் கலை பயிலும் மாணவர்கள் கோட்பாட்டை எழுத்துத் தேர்விலும் பயிற்சியைச் செய்முறைத் தேர்விலுமாகத் தனித்தனியே காட்டித் தேறுகிறார்கள்; ஆனால் காவிரிப் படுகையின் கலைமரபில் இவ்விரண்டும் ஒருவருடைய ஒரே அறிவாகவே இருந்துவந்தன என்பதற்குச் சுவாமிமலைப் படிமக்கலை நல்ல சான்றாகும். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் வகுக்கும் அளவுமுறைக்குத் தாலமானம் என்று பெயர். அதில் உயர்ந்ததாகிய உத்தம தசதாலம், படிமத்தின் உயரத்தை 124 கூறுகளாகப் பகுக்கிறது. நூலில் எண்ணாக நிற்கும் இந்த இலக்கணத்தை ஸ்தபதி, படிமத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னையோலையை மடித்து மடித்தே கண்டடைகிறார். பின்னர் தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். நெல் விளையும் நிலத்துக்கு வளம் தரும் வண்டல், மெழுகில் இழைத்த நகக்கோட்டைக்கூடத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நுண்மையானது. ஆயினும் முதற்பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை விரலால் அல்லாமல் வேறு வழியில் கற்க முடியாது.

இந்த அறிவு பல்கலைக்கழகத்துக்குள் எவ்வாறு நுழைய முடியும் என்பதை ஆடற்கலையில் காணலாம். கையின் இயக்கமும் காலின் இயக்கமும் இணைந்த ஆடல் அலகாக நாட்டிய சாத்திரம் வரையறுக்கும் கரணங்கள் மொத்தம் 108. அவற்றுள் 81 தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் செதுக்கப்பட்டிருக்க, எஞ்சிய 27 இடங்கள் வெறுங்கல்லாகவே விடப்பட்டுள்ளன. பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டபோது, சிற்பத்தில் உறைந்திருப்பது ஒரு நிலை அன்று, ஓர் இயக்கத்தின் நடுவே பிடிக்கப்பட்ட ஒரு கணம் என்று கொண்டு, அதன் முன்னும் பின்னும் உள்ள அசைவுகளை நூலின் துணையோடு தம் உடலில் ஆடியே மீட்டெடுக்க முயன்றார். அவருடைய முடிவுகள் ஒவ்வொன்றையும் ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளர் உரிமை; ஆடும் உடலே சான்று தரும் கருவியாகலாம் என்று காட்டியதுதான் அதன் பெரும்பேறு.

இசையிலும் இத்தகைய துணிவு இருந்தது. அறிவியல் கற்றவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவருமான விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அவருடைய ஆய்வின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. நரம்பில் ஒலித்துக் காட்டாத கணக்கு அவருக்கு நிறைவு தரவில்லை போலும்.

1981இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இசை, நாடகம், சிற்பம் ஆகியவற்றுக்குத் தனித்துறைகள் கண்டது இந்த வழியில் வைத்த பெரிய அடியாகும். தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம் அங்கே நாடகத்துறையில் பணியாற்றியவர். யூரிப்பிடீசின் துரோய்ப் பெண்கள் பற்றிய கிரேக்க அவல நாடகத்தை அவர் வெறியாட்டம் என்ற பெயரில் இயக்கியபோது, தமிழ்ப் பெண்களின் ஒப்பாரியை அதன் உயிராக்கினார். அவலச்சுவை பற்றிய எத்தனையோ பக்க விளக்கம் தர இயலாத தெளிவை, இறந்தவரை முறைசொல்லி அழும் அந்தக் குரல் மாணவருக்குத் தந்திருக்கும்.

ஆயினும் ஆய்வேடு என்றவுடன் அச்சிட்ட பக்கங்களை மட்டுமே எதிர்பார்க்கும் வழக்கம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. படிமக்கலை பற்றிய ஆய்வேட்டோடு மாணவர் தம் கையால் வார்த்த படிமத்தையும் அவையில் வைக்க வேண்டும். பட்டம் பெறாத சுவாமிமலை ஸ்தபதி ஒருவரும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளராக அமர்ந்து, வார்ப்பில் நேர்ந்த குறைக்குக் காரணம் மண்ணா, மெழுகா, அளவா என்று கேட்க வேண்டும்.