நடுச்சாமத்தில் அடித்த பெரட்டு மணி

குளுவாங் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களா, வாசகர்களே? போகாதவர்கள் என்னோடு வாருங்கள். போனவர்களும் வாருங்கள், தெரிந்த ஊரை இன்னொரு முறை பார்ப்பதில் நட்டமில்லை.

கிம்மாஸைத் தாண்டியதும் ஜொகூர் மாநிலம் தொடங்கிவிடுகிறது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. 1909ஆம் ஆண்டில் இந்த இருப்புப் பாதை ஜொகூர் பாரு வரை போய்ச் சேர்ந்தது. பாதையின் இருபுறமும் காடு வெட்டி ரப்பர் நட்டவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. இன்று ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் செம்பனைதான். 2025இல் மின்சார ரயிலும் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது.

குளுவாங் என்ற பெயர், பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. வௌவால்களை நான் பார்க்கவில்லை. லம்பாக் மலையைப் பார்த்தேன். ரயில் நிலையக் காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். 1938 முதல் இருக்கும் கடை அது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, வெண்ணெய், கெட்டியான காப்பி. அந்தக் கரி மணம் மூக்கில் ஏறியதும் பெரியப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவரைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ரெங்கம் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் அவருக்குப் புகைக்கூடத்தில் வேலை. பாலை உறைய வைத்து, ஷீட்டாக இழுத்து, மூன்று நான்கு நாள் புகையில் தொங்கவிடுவார்களே, அந்த இடம். தீ அணையவும் கூடாது, எகிறவும் கூடாது. சூடு அதிகமானால் ரப்பர் கெட்டுவிடும். இன்னும் அதிகமானால் கூடமே போய்விடும். இரவெல்லாம் விழித்திருந்து தீயைக் காவல் காத்த மனிதர் அவர்.

புகைக்கூடம் இப்போது இல்லை. பழைய லயம் ஒன்று மட்டும் நிற்கிறது. பத்து வீடு, ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்பு கூரை வரை போகாது; ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டிலும் தும்முவார்கள். தீக்கும் அதுதான் வழி. ஓரத்து வீட்டில் பிடித்தால் கூரைக்கு அடியிலேயே ஓடி அடுத்த வீட்டுக்கு வந்துவிடும்.

1970களின் கடைசியில் அப்படி ஓர் இரவு வந்ததாம். யார் வீட்டிலோ மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் விளக்கையும் தேடவில்லை, பெட்டியையும் தேடவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினாள். யாரோ ஓடிப்போய் விடிகாலைப் பெரட்டுக்கு அடிக்கும் மணியை நடுச்சாமத்தில் அடித்தார்கள். எல்லா லயத்தாரும் எழுந்து வந்தார்கள். நான்காவது வீட்டின் கூரையைப் பிரித்துத் தீ ஓடும் வழியை அறுத்தார்கள். மூன்று வீடு சாம்பல். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"அந்தப் பொண்ணு சத்தம் போட்டதாலதான் தப்பிச்சோம்" என்றார் பெரியப்பா.

அப்போது அடுப்படியிலிருந்து பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "நான்தான் சத்தம் போடாம விட்டுட்டேன், தம்பி."

பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. போன வருடம் பெரியம்மாவின் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. அவருடைய அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொல்லி, அந்தப் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்றானாம் ஒருவன். அடுத்து "இன்ஸ்பெக்டர்" பேசினார். கைது ஆணை தயாராக இருக்கிறது. விசாரணை முடியும் வரை பணத்தைப் "பாதுகாப்புக் கணக்கில்" போட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் புருஷனையும் பிடித்துக்கொண்டு போவோம் என்று மிரட்டல்.

பெரியம்மா இரண்டு நாளில் மூன்று முறை பஸ் ஏறிப் பட்டணம் போனார். வங்கிக் கவுண்டருக்குப் போகாதே, இயந்திரத்தில் போடு என்று அவன் சொல்லிக்கொடுத்தான். பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டம்மா, "எங்கக்கா தினமும்?" என்று கேட்டாராம். "சாமான் வாங்க" என்று சொல்லிவிட்டார். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த 18,000 வெள்ளி போய்விட்டது. இரவெல்லாம் தீயைக் காவல் காத்த மனிதர் அதே வீட்டில்தான் படுத்திருந்தார். அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பேரன் வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. போலீசில் புகார் கொடுத்தார்கள். பணம் திரும்பவில்லை.

வாசகர்களே, அன்று திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். தீப் பிடித்தால் கத்த வேண்டும் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிகிறது. ஏமாற்றுக்காரன் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறோம். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் அவன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். லயத்தில் ஒரு குரல் எழுந்துவிட்டால் அவன் பிழைப்பு முடிந்தது. ஆகவே இரண்டையும் ஒரே பாடமாக வீட்டில் பேசி வையுங்கள்.

அடுப்படியில்

எரிவாயுத் தோம்பின் ரப்பர் குழாயை இன்றே பாருங்கள். வெடிப்பு, விறைப்பு, எலி கடித்த அடையாளம் இருந்தால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கி நிற்கும். வாடை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறி போதும். தோம்பை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வாருங்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைச் சுவர் முழுக்க வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியாலோ பிழிந்த ஈரத் துணியாலோ மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும் வீடுகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ஒரே பிளக்கில் நான்கைந்து சாமான்களை மாட்டாதீர்கள். கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். சாமி விளக்கைத் திரைத்துணி அருகே எரியவிட்டுத் தூங்காதீர்கள். திருடனுக்குப் பயந்து கிரில் போட்டுப் பூட்டுகிறோம். அந்தச் சாவி குழந்தைக்கும் தெரிந்த ஓர் ஆணியில் எப்போதும் தொங்கட்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள். வந்ததும் 999. நகைக்கோ பத்திரத்துக்கோ திரும்பி உள்ளே போகக் கூடாது.

2016 அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாரு சுல்தானா அமீனா மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றி 6 நோயாளிகள் உயிரிழந்தார்கள். இரவு பகலாக ஆட்கள் விழித்திருக்கும் இடத்திலேயே அப்படி நடந்தது என்றால், எல்லாரும் உறங்கும் வீட்டுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

தொலைபேசியில்

போலீசோ, நீதிமன்றமோ, வங்கியோ தொலைபேசியில் கூப்பிட்டு, "பணத்தை இந்தக் கணக்கில் போடு" என்று ஒருபோதும் சொல்வதில்லை. சொன்னால் அது மோசடி. வைத்துவிடுங்கள். உங்கள் அடையாள அட்டை எண்ணை அவன் சொல்வதால் அவன் அதிகாரி ஆகிவிட மாட்டான்.

வேஷங்கள் பல. "உங்கள் கடன் தயார், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு செயலியை அனுப்பி, திறந்ததும் தொலைபேசிக்குள் புகுந்து வங்கிப் பணத்தை எடுப்பது இன்னொன்று. வெளிநாட்டில் சுலப வேலை, கை நிறையச் சம்பளம் என்று கூட்டிப்போவது மற்றொன்று. அதை நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் சிக்கிக்கொண்ட மலேசியர்கள் உண்டு.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "உன் வங்கி அட்டையைக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பணம் அப்படிப்பட்ட கணக்கு வழியாகத்தான் ஓடுகிறது. கழுதை மேல் மூட்டை ஏற்றுவது போல என்று மலாயில் அதைக் கழுதைக் கணக்கு என்கிறார்கள். 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டப்படி கணக்கை இரவல் கொடுத்தவனும் குற்றவாளிதான்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். 2022 அக்டோபரில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அரசாங்கம் தொடங்கியது. எண் 997. உடனே அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் முன் மறித்தால்தான் உண்டு. நான்காவது வீட்டின் கூரையைப் பிரித்த வேலையும் இதுதான். பெரியம்மா முதல் நாளே வாய் திறந்திருந்தால் மற்ற இரண்டு பயணமாவது மிச்சமாகியிருக்கும்.

ஏமாந்தவர்களைத் திட்டாதீர்கள் என்று வீட்டிலுள்ள மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். திட்டுக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். விளக்குச் சாய்ந்த வீட்டுப் பெண்ணை அன்று லயத்தில் யாரும் ஏசவில்லையாம். முதலில் பிள்ளைகளுக்குப் போர்வை கொடுத்தார்களாம்.

மாலையில் கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரை வந்தார். "இதை எழுதுவியா, தம்பி?" என்றார். பேர் போடமாட்டேன் என்றேன். "பேரு என்னத்துக்கு? விஷயத்த எழுது. நாலு பேரு கேட்டா போதும்" என்றார்.

எழுதிவிட்டேன், வாசகர்களே. 999, 997 இரண்டு எண்களையும் பெரிதாக ஒரு தாளில் எழுதி இன்றே அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். நம் வீட்டுப் பெரட்டு மணி இனி அதுதான்.