வேலி தாண்டிய மகரந்தம்

கரக்பூர் என்றதும் பலருக்கு அந்நிலையத்தின் 1,072 மீட்டர் நீள நடைமேடையே நினைவுக்கு வரும். 2013-இல் கோரக்பூர் முந்தும் வரை உலகிலேயே நீளமானது என்ற பெருமை அதற்கு இருந்தது. அந்த நடைமேடையை விட்டு இறங்கி ரயில்வே குடியிருப்புக்குள் நுழைந்தால் காட்சி வேறு. செம்மண் பூமி, தெலுங்கரும் வங்காளியரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் தெருக்கள், வீடுகளின் பின்புறம் சிறு தோட்டங்கள். மழை ஓய்ந்து ஐப்பசி பிறந்ததும் தக்காளி நாற்றுக்கள் தலைகாட்டும்.

நான் இங்கே குமாஸ்தாவாக வந்த புதிதில், என் அன்னையார் ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தில் நாட்டுத் தக்காளி விதை. தட்டையாய், வரிவரியாய்ப் பள்ளம் விழுந்து, புளிப்பு மிகுந்த பழம் அது. ரசத்துக்கு அதற்கு ஈடில்லை என்பது அவர் தீர்ப்பு. ஆண்டுதோறும் அதன் விதையையே எடுத்துச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைப்பார். அவ்விதையைத் தந்த அத்தை காலமாகிவிட்டார். ஊரில் இன்று எங்கள் உறவினர் அனைவரும் கடை விதையே வாங்குகின்றனர்.

முந்தைய ஆண்டுக் குளிர்காலத்தில், அடுத்த வீட்டு வங்காள அம்மையார் வேலியோரம் குலைகுலையாய்க் காய்க்கும் சிறு தக்காளியை நட்டார். அவ்வாண்டு எங்கள் பழத்தில் மாறுதல் ஏதுமில்லை. சென்ற ஆண்டிலோ, எட்டுச் செடிகளில் இரண்டு, எலுமிச்சையினும் சிறிய வழவழப்பான பழங்களைத் தந்தன. அப்பழத்தில் ரசம் வைத்து ஒரு வாய் பருகிய அன்னையார், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இது நம்ம பழம் இல்லையப்பா. அத்தை குடுத்த விதை கெட்டுப்போச்சு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர் காரணத்தை விளக்கினார். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆயினும் சில பழைய வகைகளில் சூல்முடி வெளியே நீண்டிருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கரிய வண்டு, பூவைப் பற்றி ரீங்கரித்து உலுக்கும்போது மகரந்தம் உதிர்ந்து அதன் உடலில் ஒட்டும். அடுத்த பூவுக்கும் போய்ச் சேரும். கலப்பு அவ்வாண்டுப் பழத்தில் தெரியாது. விதைக்குள் ஒளிந்திருந்து மறு ஆண்டுச் செடியிலேயே வெளிப்படும். சிறு பழத்தின் குணமே அதில் மேலோங்கும். ஆகவே பள்ளம் விழுந்த பழம் தந்த மற்ற ஆறு செடிகளும் கலப்பற்றவை என்றார்.

அன்னையாருக்கு உயிர் வந்தது. அந்த ஆறு செடிகளிலும் மலராத மொட்டுக் கொத்துக்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டினோம். காலையில் தண்டை மெல்லத் தட்டினோம். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, அடையாளமாக நூல் கட்டி, அப்பழங்களில் மட்டும் விதை எடுத்தோம். பைகளைப் பழைய கொசுவலையில் தைத்துத் தந்தவர் அடுத்த வீட்டு அம்மையாரே.

இவ்வாண்டு எட்டுச் செடிகளும் பள்ளம் விழுந்த பழங்களையே தந்தன. அன்னையார் ரசம் வைத்து ஒரு பாத்திரம் அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். "மாஷிமா கொடுத்தது" என்று அங்கே ஒரே மகிழ்ச்சி. பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை. சிறு தக்காளியில் செய்த இனிப்புச் சட்னி அதில் இருந்தது.

ஊர் விதை வைத்திருக்கும் சங்கத்து அன்பர்கள், பூக்கும் காலத்தில் நாலு கொத்துக்கேனும் பை கட்டி வைப்பார்களாக.