தாத்தா கொடுத்த தூண்டில்



ஓர் ஊழியக்காரன் மீன்பிடிக்கப் போன கதையை இந்தப் பக்கங்களில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். அதுவும் சபைக் காரியமாகப் போகவில்லை. வாலிபர் முகாமுக்காகவும் போகவில்லை. தன்னந்தனியாக, விடுமுறை என்று சொல்லிக்கொண்டு போனேன். யோவான் 21ஆம் அதிகாரத்தில் பேதுரு மீன்பிடிக்கக் கிளம்பியதைப் பின்மாற்றம் என்று எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். ஆகவே நீங்கள் நகைத்தால் அது நியாயமே.

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு இரத்த அழுத்தம் மிகுதியாயிற்று. பெங்களூருவில் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு வாடகை மாடியில் எங்கள் சபை கூடிவந்தது. திருநெல்வேலி, வேலூர், தர்மபுரி, தங்கவயல் என்று பல இடங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்களே விசுவாசிகளில் பெரும்பாலோர். சொந்தபந்தம் தூரத்தில் இருப்பதால், காய்ச்சலுக்கும் பாஸ்டர், காவல் நிலையத்துக்கும் பாஸ்டர், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் பாஸ்டர். கைப்பேசி வாங்கிய நாள்முதல் அதை ஓர் இரவும் அணைத்ததில்லை என்பதை நான் மேடையில் சாட்சியாகவே சொல்லியிருக்கிறேன். அந்தச் சாட்சியில் எவ்வளவு பெருமை கலந்திருந்தது என்பதை அப்போது அறியவில்லை.

மருத்துவர் ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும் என்றார். எங்கே போவது? உறவினர் வீட்டுக்குப் போனால் அங்கும் ஜெபக்கூட்டம் வைப்பார்கள். அப்போதுதான் தாத்தா தம்முடைய தூண்டிலைக் கொண்டுவந்தார்.

சபையில் அவரைத் தங்கவயல் தாத்தா என்றே அழைப்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்ட சுரங்கம் அது. அடியில் பாறையே அடுப்புப்போல் சுடும் என்பார். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், மகனோடு ராமமூர்த்தி நகரில் வந்து குடியிருந்தார். வேலையில் இருந்த நாட்களில் ஓய்வு கிடைத்தால், தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலா ஏரிக்குச் சைக்கிளில் போய்விடுவாராம். அங்கே கெண்டையும் விராலும் பிடித்த தூண்டில் அது. ரீல் வைத்த நல்ல தூண்டில். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் விலைக்கு வாங்கியதாம்.

"பாஸ்டர், ஊட்டிக்கு அப்பாலே குளிர்ந்த தண்ணியிலே மட்டும் வாழற மீன் ஒண்ணு இருக்குதாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதாம். வாழ்நாள் முழுக்கச் சூட்டிலே கிடந்தவன் நான். எனக்கு ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

அவருடைய நெஞ்சில் சுரங்கத்துத் தூசி தங்கியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். அதை நான் அறிவேன். "உங்க உடம்பு எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்டேன். "நான் எங்கே போயிடப்போறேன்? போயிட்டு வாங்க" என்றார். அந்தப் பதிலை நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

சபை மூப்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "ஆத்துமாக்களைப் பிடிக்க அழைக்கப்பட்டவர் மீனைப் பிடிக்கப் போவதா?" என்றார். நான் வேதாகமக் கல்லூரியில் கற்றவன் அல்லவா, பதில் ஆயத்தமாக இருந்தது. மாற்கு 6:31ஐ எடுத்துக் காட்டினேன். சாப்பிடவும் நேரமின்றித் தவித்த சீஷர்களை ஆண்டவரே ஓய்வுக்காக ஒதுக்குப்புறமாகக் கூட்டிச் சென்றார் அன்றோ? அத்துடன் நிறுத்திக்கொண்டேன். அதற்கு அடுத்த வசனங்களை நான் அன்று வாசிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பேருந்து ஏறினேன். மைசூரு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர்க் காடு, கூடலூர் வழியாக உதகமண்டலம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மறுநாள் அங்கே மீன்வளத்துறை அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஜீப்பில் அவலாஞ்சிக்குப் புறப்பட்டேன். நகரத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். தேயிலைத் தோட்டங்களும் காய்கறிச் சரிவுகளும் கடந்து, சோலைக்காடு தொடங்கும்போது கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. மூன்று இரவுகள் ஏரிக்கரையில் ஒரு சிறு முகாமில் தங்க ஏற்பாடு. ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகள், ஒரு சமையற்காரர், இரவில் இரண்டு மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர். வேறு விருந்தினர் ஒருவரும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய மலைச்சரிவு உண்டானதாம். அதனாலேயே ஆங்கிலேயர் அந்த இடத்துக்கு அவலாஞ்சி என்று பெயரிட்டார்கள். ஏரியோ இயற்கையானது அன்று. கனடா நாட்டின் உதவியோடு அமைந்த குந்தா நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கியது. (அதே அவலாஞ்சியில்தான் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது என்று செய்தியில் படித்தபோது, அந்த ஓட்டுக்கூரையை நினைத்துக்கொண்டேன்.)

ட்ரவுட் மீனின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வானவில் ட்ரவுட் என்று சொல்லப்படுகிற இந்த மீனின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆறுகள். நீர் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் துன்பம். அத்தகைய மீன் இனத்தை வெப்பக் கடல்களின் வழியே கொண்டுபோவது எப்படி? 1864ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு ட்ரவுட் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். நம்முடைய நீலகிரியிலும் 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். அவருக்கு வாய்க்கவில்லை. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து எச். சி. வில்சன் என்பவர் வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

அந்தப் பொரிப்பகத்தை நான் போய்ப் பார்த்தேன். ஓடை நீரைத் திருப்பிவிட்டுத் தொட்டிகளில் குஞ்சுகளை வளர்த்துவந்தார்கள். அங்கிருந்த ஊழியர் ஒருவர் விளக்கினார்: இந்த மீன் ஏரியில் நன்றாக வளரும், ஆனால் தேங்கிய நீரில் இனம் பெருகாது. ஓடுகிற தெளிந்த தண்ணீரும் கூழாங்கல் படுகையும் இருந்தால்தான் முட்டைக்கு உயிர். ஆகவே தாய்மீனைப் பிடித்து, வயிற்றை மெல்லத் தடவி முட்டைகளை எடுத்து, ஒரு மாத அளவு காத்திருந்து, குஞ்சு வளர்ந்தபின் நீரில் விடுகிறார்கள். இதைக் கேட்டபோது பெங்களூருவில் நம்முடைய பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் வளர்கிறார்கள், ஆனால் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டத் தெரிகிறதா? இதை வேறொரு மாதம் எழுதுகிறேன்.

இனி என் மீன்பிடிப்புக்கு வருகிறேன். செவ்வாய் பிற்பகல் முழுவதும் நூல் சிக்கிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை விடியலில் புல்லின்மேல் உறைபனி, விரல்கள் மரத்துப்போயின. தாத்தா சொல்லிக் கொடுத்தபடி, பளபளக்கும் உலோகத் தகடு கட்டிய தூண்டிலை வீசுவதும், மெல்லச் சுற்றி இழுப்பதுமாக மாலைவரை நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை. சுவிசேஷங்களில் மீன்பிடிப்பு என்றால் வலைதான். தூண்டில் வருவது ஒரே இடத்தில், மத்தேயு 17:27இல். அங்கே பேதுருவுக்கு முதல் மீனின் வாயிலேயே வெள்ளிக்காசு. எனக்கோ பாசிதான் வந்தது.

ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. மத்தியானத்துக்குமேல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பதை என் கை நிறுத்திவிட்டது. அதுவரை மணிக்குப் பத்து முறையாவது, செத்துக் கிடந்த அந்தக் கைப்பேசியைத் தொட்டிருப்பேன். காற்றின் சத்தமும் எங்கோ ஒரு காட்டுக்கோழியின் குரலும் தவிர வேறில்லை. அன்று இரவு ஜெபிக்க முழங்கால்படியிட்டேன்; விண்ணப்பங்களின் பட்டியல் எதுவும் வாயில் வரவில்லை. தேவ சமுகத்தில் சும்மா இருந்தேன். பின்பு படுத்து, பல ஆண்டுகளுக்குப்பின் விடியுமட்டும் ஒரே தூக்கமாகத் தூங்கினேன். இது கர்த்தருடைய ஈவு என்று காலையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

வியாழன் மாலை, ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடத்தில் நின்றபோது நூல் விறைத்தது. பாறையில் மாட்டிக்கொண்டது என்றே எண்ணினேன். பாறை நகர்ந்தது. கால்மணி நேரம் போராடியிருப்பேன். கரைக்கு வந்தபோது என் கைகள் நடுங்கின. முக்கால் கிலோ இருக்கும். முதுகெங்கும் கரும்புள்ளிகள், பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, தாமரை இதழைத் தேய்த்ததுபோல. "தாத்தா, கிடைச்சிடுச்சு!" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தக் கரையில் கேட்க ஒருவரும் இல்லை. சமையற்காரர் அதன் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, உப்புத் தடவி, ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

வெள்ளி காலை எட்டு மணி சுமாருக்கு, ஜீப் உதகையை நெருங்கியபோது, சட்டைப்பையில் கைப்பேசி துடிக்கத் தொடங்கியது. நின்று நின்று துடித்தது. குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புதன் இரவு 10.40 தொடங்கி 2.15 வரை தாத்தாவின் மகன் என்னைப் பதினொரு முறை அழைத்திருந்தார். கடைசிச் செய்தி என் மனைவியுடையது: தாத்தா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மகள் மும்பையிலிருந்து வருகிறாள், அடக்கம் வெள்ளி காலை 11 மணி, கல்பள்ளி கல்லறைத் தோட்டம்.

பெங்களூருவுக்கு எட்டு மணி நேரப் பயணம். பதினொரு மணிக்கு நான் பந்திப்பூர்க் காட்டுக்குள்ளும் நுழைந்திருக்க மாட்டேன்.

உதகைப் பேருந்து நிலையத்தில் அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். பின்பு ஏனென்று அறியாமல் ஒரு கடையில் பனிக்கட்டி வாங்கி அதில் நிரப்பினேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, மாற்கு 6ஆம் அதிகாரத்தை எடுத்தேன். ஓய்வுக்கென்று படகில் போன ஆண்டவருக்கு முன்பாகவே ஜனங்கள் கால்நடையாக ஓடி அக்கரையில் நின்றார்கள். அவர் அவர்களைக் கண்டு இரங்கினார். ஓய்வு அத்துடன் முடிந்தது. 31ஆம் வசனத்தை மூப்பருக்குக் காட்டிவிட்டு 34ஆம் வசனத்தை மூடிவைத்துவிட்டுப் போனவன் நான். நான் சுகமாகத் தூங்கிய அந்த இரவில்தான், நான் ஈவு என்று எழுதிவைத்த அந்த மணி நேரத்தில்தான், அவர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார்.

இரவு எட்டு மணிக்கு நேரே ராமமூர்த்தி நகர் போனேன். தெருவில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாலிபர் கூட்டத்தை நடத்திவந்த தம்பி, கொரியர் நிறுவனத்தில் வேலை செய்கிற 24 வயதுப் பிள்ளை, அடக்க ஆராதனையை நடத்தி முடித்திருந்தார். என்னுடைய ஒழுங்குமுறைக் கையேட்டை என் மனைவியிடம் வாங்கிப்போய் வாசித்தாராம். நடுவில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டதாக என்னிடம் கண்கலங்கிச் சொன்னார். அதை யாரும் கவனிக்கவில்லை. "நன்றாக நடத்தினார் பாஸ்டர்" என்று பலர் சொன்னார்கள். அதைக் கேட்டபோது என் உள்ளத்தில் முதலில் எழுந்தது நன்றியறிதல் அல்ல என்பதை உங்களுக்கு மறைக்க மாட்டேன்.

மகன் என்னை வரவேற்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அப்பா கடைசிவரைக்கும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார், பாஸ்டர். எங்கே இருந்தீங்க?" என்றார். எங்கே இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி இடத்தைப் பற்றியதன்று. அதன்பின் நான்கு மாதம் அவர் சபைக்கு வரவில்லை. இப்போது வருகிறார், காணிக்கை எண்ணுகிற வேலையையும் பார்க்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொன்னதில்லை. போனது தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரை யார் கையிலும் ஒப்படைக்காமல், நான் இல்லாவிட்டால் வேறொருவர் உண்டு என்ற எண்ணமே இல்லாமல் போனேன், அது தவறு. இப்போது திங்கட்கிழமைகளில் என் கைப்பேசி அந்தத் தம்பியிடம் இருக்கிறது.

பெட்டியை நான் வாசலிலேயே வைத்திருந்தேன். பாட்டி அதைப் பார்த்துவிட்டார்கள். "அது என்ன பாஸ்டர்?" என்றார்கள். சொல்ல நாக்கு எழவில்லை. அவர்களே மூடியைத் திறந்தார்கள். பனிக்கட்டி பாதி கரைந்திருந்தது. மீனை இரு கைகளாலும் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "புள்ளைங்க காலையிலேர்ந்து சாப்பிடலே" என்று சொல்லி, மும்பையிலிருந்து வந்த மகளிடம் அரிவாள்மனையை எடுத்துவரச் சொன்னார்கள்.

மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பொரித்தார்கள். சிறு சிறு துண்டுகளாக எல்லாருடைய தட்டிலும் வந்தது. மகனுடைய தட்டில் முதலில் வைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பாட்டி தமது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள்.

"அவருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க பாஸ்டர். இது எந்த ஊர் மீன்? எப்படி வந்துச்சு?"

இரவு பதினொரு மணிவரை, கப்பலில் வந்த முட்டைகளிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.