அப்பா கேட்ட கல்லு கேள்வி

போன சீசனுக்கு ஊருக்கு, அதாங்க தென்காசிக்கு, போயிருந்தேன். குற்றாலம் மெயின் அருவியில வெள்ளம். நானும் அப்பாவும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ச்ச பிறகுதான் குளிக்கத் தடைன்னு தெரிஞ்சுது. எண்ணெய் வழிய சாரல்ல உட்கார்ந்திருந்தோம் :-)

அப்பா ரிட்டயர்டு சர்வேயர். சங்கிலி பிடிச்சு வயக்காடெல்லாம் அளந்தவர். "நீ என்னத்தடே அளக்க?"ன்னார். நாலு வருஷ ஆராய்ச்சியில முதல் தடவையா கேக்கிறார்!

புரதத்துல ரெண்டு இடத்துக்கு நடுவுல உள்ள தூரம்ப்பா, ஏழெட்டு நானோமீட்டருக்குள்ள இருக்கும், தலைமுடி தடிமனைப் பத்தாயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்குன்னேன்.

"சங்கிலிய எங்க பிடிப்ப?"

பிடிக்க முடியாது. ரெண்டு இடத்துலயும் சிஸ்டீன் வச்சு, அதுல நைட்ராக்சைடுங்கிற சின்ன மூலக்கூறை ஒட்டணும். ஒவ்வொண்ணுலயும் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒண்ணு, குட்டிக் காந்தம் மாதிரி. மைனஸ் 220 டிகிரி பக்கம் உறைய வச்சு, காந்தப்புலத்துல நிறுத்தி, ஒரு மைக்ரோவேவ் அதிர்வெண்ணால ஒண்ணைக் கவனிப்போம். வேற அதிர்வெண்ணால மத்ததைப் புரட்டுவோம். அது புரண்டது இதுக்குத் தெரியும். அந்தத் துடிப்பு 2 நானோமீட்டர்ல நொடிக்கு சுமார் 65 லட்சம் தடவை, 4 நானோமீட்டர்ல வெறும் 8 லட்சம். துடிப்பை எண்ணினா தூரம் வந்துரும். எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வை 1944ல கசான்ல சவோய்ஸ்கி கண்டுபிடிச்சார். இந்த ரெட்டை அதிர்வெண் வித்தையை 1981ல மீலவ், சலிகோவ், ஷிரோவ்னு மூணு ரஷ்யாக்காரங்க கொடுத்தாங்க.

அப்பா கொஞ்ச நேரம் அருவியையே பார்த்தார்.

"சரிடே. ரெண்டு பக்கமும் கல்லு நட்டு அளக்க. கல்லு நட்டதுலயே நெலம் நவுந்துட்டா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. கல்லு எல்லையிலயே நிக்காது, அரை நானோமீட்டர் கையில தொங்கி ஆடும், அதனால ஒரே நீளம் வராது, ஒரு பரவல்தான் வரும்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் கணக்குல எடுத்திருந்தேன். ஆனா ஒட்டின பிறகும் புரதம் தன் வேலையைச் செய்யுதான்னு பார்க்கணும். நான் ஒரு ஜோடிக்குத்தான் பார்த்திருந்தேன். ரெண்டாவது ஜோடியில தூரம் ஒரு நானோமீட்டர் கூட வந்துச்சு. புரதம் வாயைத் திறக்குதுன்னு சந்தோஷமா பாதிக் கட்டுரை எழுதி வச்சிருந்தேன்.

திரும்பினதும் சோதிச்சேன். அந்தப் புரதம் மூணுல ஒரு பங்கு வேலைதான் செஞ்சுது. படத்தையும் பாதிக் கட்டுரையையும் தூக்கியாச்சு.

போன்ல சொன்னேன். "அப்ப கல்லைப் பிடுங்கி வேற எடத்துல நடு. சாப்பிட்டியா?"ன்னார்.

புது இடத்துல சிஸ்டீன் வைக்க டி.என்.ஏ. போன வாரம் வந்திருக்கு.