"எந்த நேரம் கூல் இல்ல, சேர்?"

பதிவு கொஞ்சம் நீளம்தான். பழைய வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். எங்களிடம் இருப்பது ஒரு பழைய சின்னக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, திறந்ததும் மாற்றலாம் என்று இருந்தோம். 2025இல் திறந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதையே அல்ஹம்துலில்லாஹ் என்று துடைத்து வைத்துக்கொண்டோம்.

உம்மாவை மாதம் ஒருமுறை களுபோவில கிளினிக்குக் கூட்டிப்போவது அந்தக் காரில்தான். ஏப்ரல் வெயிலில் ஒரு நாள், தெஹிவளைச் சந்தி நெரிசலில் நிற்கும்போது ஏ.சி. வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. "மகன், கண்ணாடியத் திறங்க, மூச்சு முட்டுது" என்றார் உம்மா. திறந்தால் பக்கத்து பஸ்ஸின் புகை. கிளினிக்கில் பிரஷர் பார்த்த நர்ஸ் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

ஏ.சி. கூல் இல்லை என்றால் கேஸ் முடிந்துவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஓர் இடத்தில் கேஸ் அடித்தோம். இரண்டு வாரத்தில் இன்னோர் இடத்தில் மறுபடி அடித்தோம். அடுத்த கிளினிக்கில் அதே சந்தி, அதே சூடு. உம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

மூன்றாவதாகப் போனது தெஹிவளையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் வயதான பாஸ் ஒருவரிடம். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. "எந்த நேரம் கூல் இல்ல, சேர்?" என்று கேட்டார்.

யோசித்தோம். மரைன் டிரைவில் ஓடும்போது நல்ல கூல். நெரிசலில் நின்றால்தான் சூடு. இதை அதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பாஸ் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, முன்னால் இருக்கும் கண்டென்சரில் மெதுவாக ஊற்றினார். ஒரு நிமிடத்தில் உள்ளே குளிர்ந்தது. பிறகு காட்டினார்: ஏ.சி. போட்டிருந்தும் கண்டென்சர் ஃபேன் சுற்றவில்லை. பெற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தும் அசையவில்லை. மோட்டார் துருப்பிடித்துச் செத்திருந்தது. கடலோரத்து உப்புக் காற்று, சேர், என்றார்.

விஷயம் இதுதான். கேஸ் குளிரை உண்டாக்கி ஊதுவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் கொட்டுகிறது. வாகனம் ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை அள்ளிப் போகும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுக்கு. ஃபேன் இல்லாமல் கேஸை மட்டும் கூட்டினால் அழுத்தம் ஏறி கொம்ப்ரசருக்குத்தான் கேடு. நாங்கள் காசு கொடுத்து நோயைக் கூட்டியிருக்கிறோம்.

கூடுதலான கேஸை பாஸ் காற்றில் விடாமல் மெஷினுக்குள் இழுத்தெடுத்தார். ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில், அதில் ஒரு கிலோ சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது. மாற்றினோம். சரியாகிவிட்டது.

நீங்களும் கராஜுக்குப் போகுமுன் கவனியுங்கள். காற்றே குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலும் டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஓடும்போது கூல், நின்றால் சூடு என்றால் ஃபேன், அல்லது அழுக்கடைந்த கண்டென்சர். வாரக்கணக்கில் கூல் குறைந்துகொண்டே வந்தால் கேஸ் கசிகிறது. அது பெற்றோல் போல எரிந்து தீர்வதில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ் அடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஃபேன் பக்கம் கையை வைக்காதீர்கள், திடீரெனச் சுற்றும். ஹைபிரிட் வாகனமென்றால் செம்மஞ்சள் வயரைத் தொடவே வேண்டாம்.

பாஸின் கேள்வி எங்களோடு வகுப்பறைக்கும் வந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கியிருந்தான். மேலதிகப் பயிற்சி கொடுத்தோம், கண்டித்தோம், வீட்டுக்கும் சொல்லி அனுப்பினோம். எல்லாம் கேஸ் அடித்த கதைதான். 'எந்த நேரம்?' என்று பார்த்தபோது தெரிந்தது, முதல் பாடத்தில் அவனுக்கு எல்லாம் சரியாக வருகிறது, மூன்றாம் பாடத்தில்தான் தலை சாய்கிறது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருகிறான். இப்போது இடைவேளைக்கு முன்பே ஒரு பனிஸ் அவன் கைக்குப் போகிறது. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும், அந்தப் பிள்ளையை நாங்கள் சோம்பேறி என்று சொல்லியிருந்தோம்.

போன கிளினிக்கின்போது அதே சந்தியில் பத்து நிமிடம் நின்றோம். உம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளிருது மகன், கொஞ்சம் குறைங்க" என்றார்.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள். அந்தப் பிள்ளைக்காகவும்.