மார்ச் மாதத்துப் பாலிசிகள்

வரிக்கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஜனவரி பிறந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “வரியை மிச்சம் பண்ண எதுல போடலாம்?” அலுவலகம் முதலீட்டுச் சான்றுகளைக் கேட்டிருக்கும், கொடுக்காவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பெரிய பிடித்தம் விழும். அந்த அவசரத்தில் போடும் கையெழுத்து ஒரு குடும்பத்தை இருபது ஆண்டுகளுக்குக் கட்டிப்போடுகிறது. குடும்பத்தின் பணத்திட்டத்தில் வரிச்சலுகை கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதை முதலில் வைத்ததால்தான் நடுத்தரக் குடும்பங்கள் பல, போதிய காப்பும் இல்லாமல் வளரும் சேமிப்பும் இல்லாமல் நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

பழைய வரிமுறையில், சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் கழிவு தரும் 80சி பிரிவின் உச்சவரம்பு 2014 முதல் ஒன்றரை லட்சம் ரூபாய். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 என்றால், 12 சதவீதப் பி.எஃப். பிடித்தமே ஆண்டுக்கு 72,000 ஆகிவிடும். இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 60,000, வீட்டுக்கடனில் கழிந்த அசல் 40,000 என்று கூட்டினால் 1,72,000. வரம்பு தாண்டிவிட்டது. இதற்கு மேல் ‘வரிக்காக’ 50,000 ரூபாய் பிரீமியத்தில் ஒரு பாலிசி எடுத்தால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. சென்ற ஆண்டின் ஃபார்ம் 16-இல் இருக்கும் 80சி வரிசையை ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும் செய்தி இது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம்.

வரம்பில் இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 50,000 ரூபாய் பிரீமியத்தால் மிச்சமாகும் வரி, செஸ் உட்பட 10,400. ஆனால் இதே சலுகை பி.பி.எஃப்.புக்கும் உண்டு என்பதால், இரண்டையும் ஒப்பிடும்போது அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டுகள் கட்டும், சேமிப்பும் காப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசி, வழக்கமாகக் கிடைக்கும் ஐந்தரை சதவீத அளவில் வளர்ந்தால் சுமார் 18.4 லட்சம் வரும். அதே தொகை பி.பி.எஃப்.பில், 2020 ஏப்ரல் முதல் இருந்துவரும் 7.1 சதவீத வட்டி தொடர்ந்தால், சுமார் 22.2 லட்சம். “பாலிசியில் உயிர்க்காப்பும் சேர்ந்திருக்கிறதே” என்பார்கள். நியாயமான கேள்விதான், அதையும் சேர்த்தே பார்ப்போம். முப்பது வயதில் உடல்நலத்தோடு இருப்பவர் ஆண்டுக்கு 12,000 ரூபாய் அளவில் ஒரு கோடிக்கு, முதிர்வுத் தொகை இல்லாத வெறும் உயிர்க்காப்பான டேர்ம் பாலிசி எடுத்து, மீதி 38,000-ஐ பி.பி.எஃப்.பில் போட்டால் 16.9 லட்சம் சேரும். எண்டோமென்ட்டைவிட முதிர்வுத் தொகை ஒன்றரை லட்சம் குறைவு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்டோமென்ட் தரும் காப்பு ஏறக்குறைய பத்து லட்சம்தான். மாதம் 40,000 செலவாகும் வீட்டில், சம்பாதிப்பவர் போய்விட்டால், அந்தப் பணம் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பிள்ளைகள் அப்போதும் பள்ளியில்தான் இருப்பார்கள். எனக்கு இந்த இடத்தில் தயக்கமே இல்லை: குடும்பத்துக்கு வேண்டியது ஒரு கோடிக் காப்புதான்.

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்திருக்கிறது. 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பு முறை. 2025-26 நிதியாண்டிலிருந்து அதில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு, நிலையான கழிவையும் சேர்த்தால் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை, வரி இல்லை. அந்த 12.75 லட்சத்துக்குப் பழைய முறையில் வரியே கட்டாமல் இருக்க வேண்டுமானால், நிலையான கழிவு போக இன்னும் 7.25 லட்சத்துக்குக் கழிவுகள் காட்ட வேண்டும். வீட்டு வாடகைப் படியும் வீட்டுக்கடன் வட்டியும் நிறைய உள்ளவரைத் தவிர மற்றவர்களால் அது ஆகாது. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு ‘வரிக்காக முதலீடு’ என்ற காரணமே இல்லாமல் போய்விட்டது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புதிய முறையில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான 80டி கழிவு கிடையாது என்பதால் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் சேமிப்பு அத்தனையும் கரைந்துவிடும். அந்த பிரீமியத்தை வரியோடு கோத்துப் பார்த்த பழக்கம்தான் இப்படி முடிகிறது. இத்தனைக்கும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி.யும் நீக்கப்பட்டிருக்கிறது.

“வரியின் கட்டாயம் இல்லாவிட்டால் எவரும் சேமிக்க மாட்டார்கள்” என்பது வலுவான மறுப்பு. உண்மையும் அதில் இருக்கிறது. முதன்முதலாகப் பல வீடுகளில் நீண்டகாலச் சேமிப்பு என்று ஒன்று நுழைந்ததே 80சியால்தான். இடையில் நிறுத்தினால் நஷ்டம் என்ற பயமும் பணத்தைக் காப்பாற்றியது. ஆனால் கட்டாயம் வரியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மாதாமாதம் நகைச்சீட்டைத் தவறாமல் கட்டும் குடும்பங்கள் எந்த வரிச்சலுகைக்காகவும் அதைக் கட்டவில்லை. மகளின் கல்யாணம் என்ற காரணம் கண்முன்னே இருப்பதால் கட்டுகிறார்கள். அதே பிடிப்பைச் செல்வமகள் கணக்குக்கும் பி.பி.எஃப்.புக்கும் மாற்ற முடியும். பி.எஃப். பிடித்தத்தைத் தானாக முன்வந்து கூட்டிக்கொண்டால் பணம் கைக்கே வராது. பி.பி.எஃப்.பில் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும் என்பதால், சம்பளம் ஏறிய மறுநாளே வங்கி தானாக எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே எடுத்த பாலிசிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் சரண்டர் செய்யச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. இதுவரை கட்டியதை ஓரமாக வைத்துவிட்டு, இன்று சரண்டர் செய்தால் கிடைக்கும் தொகையும் இனிக் கட்டப்போகும் பிரீமியங்களும் சேர்ந்து முதிர்வில் என்ன வட்டிக்குச் சமமாகின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் கடந்த பாலிசிகளில் தொடர்வதே லாபம் என்று பலமுறை வரும். சில ஆண்டுகளே ஆனவற்றில் பிரீமியத்தை நிறுத்தி, குறைந்த காப்போடு முதிர்வுவரை விட்டுவைக்கும் ‘பெய்டு-அப்’ ஆக்குவது பொருத்தமாக இருக்கலாம். எதுவானாலும் டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதைத் தொட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சர்க்கரை நோயோ இதய நோயோ தெரியவந்தால், புதிய காப்பு கிடைக்காமலே போகலாம்.