பெட்டியில் வந்த என்ஜின்

என் அண்ணன் மகன் ஃபீனிக்ஸ் நகரத்தில் பத்து வருஷங்களாக உத்தியோகம் பார்க்கிறவன். செலவு விஷயத்தில் பாட்டியைக் கொண்டவன் என்று குடும்பத்தில் எல்லோரும் மெச்சிக்கொள்ளும்படி இருந்தவன். அப்படிப்பட்டவன் சென்ற வருஷம், என்ஜின் செத்துப்போய்க் கொட்டகையில் கிடந்த பழைய விசைப்படகு ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிறகு அந்த விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துச் செவ்ரோலே கம்பெனியின் புத்தம் புதிய கார் என்ஜின் ஒன்றை வரவழைத்து வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்தான். காரே வேண்டாம், என்ஜின் மட்டும் போதும் என்கிறவர்களுக்காக, பாகங்களையெல்லாம் கோத்து முடித்த என்ஜினைப் பெட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அதற்குக் ‘கிரேட் என்ஜின்’, அதாவது பெட்டி என்ஜின், என்றே பெயர். இவன் வாங்கியதற்கு ‘இஸட் இஸட் 502’ என்று நாமகரணம் செய்திருந்தார்கள். சிலிண்டர்களின் கொள்ளளவு 502 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர், குதிரைத் திறனும் 502. ஒரே எண் இரண்டு இடத்திலும் வந்து அமைந்ததில் அவனுக்கு ஜாதகம் பொருந்திவிட்டதுபோல் ஒரு திருப்தி. “படகில் தூக்கி வைத்து நாலு போல்ட்டை முடுக்கினால் தீர்ந்தது, சித்தப்பா. நீங்களும் வந்து வேடிக்கை பாருங்கள்” என்றான்.

ஃபீனிக்ஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பாலைவனத்தில் பிரயாணம் செய்தால் லேக் ஹவாசு நகரம் வருகிறது. கொலராடோ நதியின் குறுக்கே பார்க்கர் அணையை 1938-ல் கட்டி முடித்தபோது தேங்கிய ஏரியின் கரையில் இருப்பது. படகு என்ஜின்களைச் செய்துகொண்டிருந்த ராபர்ட் மக்கல்லக் என்ற தொழிலதிபர், அவற்றை ஓட்டிச் சோதிக்கத் தண்ணீர் தேடி வந்தவர், ஏரிக்கரையில் ஒரு நகரத்தையே உண்டாக்கிவிட்டார். நகரத்துக்கு ஜனங்கள் வரவேண்டுமே என்று, லண்டன் மாநகரம் விலைக்கு விட்ட பழைய லண்டன் பாலத்தை 1968-ல் 24,60,000 டாலருக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1971-ல் இங்கே திறந்து வைத்தார். உலர்ந்த தரையில் பாலத்தை எழுப்பிவிட்டு, அதற்குப் பிறகு அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீரை விட்டார்களாம். பாலம் கட்ட ஆறு தேடுவதுதான் உலக வழக்கம். பாலத்துக்காக வெட்டிய அந்தக் கால்வாயைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

நாங்கள் போன பட்டறை, ஊருக்கு மேற்புறத்தில், தகரக் கூரையும் இரண்டு பெரிய கதவுகளுமாக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நெல் குடோன் என்று சொல்லத்தக்க கட்டடம். அதை நடத்துகிறவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். இளமையில் பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டியவர். அவருக்கு உதவியாக முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியும், மெக்ஸிகோவின் சொனோரா பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வெல்டரும் இருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் பெரியவர் என்ஜினைச் சுற்றி ஒருமுறை பிரதக்ஷிணம் வந்தார், எதையும் தொடவில்லை. “மிகவும் அழகான என்ஜின், கார் எங்கே?” என்று கேட்டார். என் அண்ணன் மகனின் முகம் சற்றே வாடியது.

பெரியவர் அவனுக்குச் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சுருக்கித் தருகிறேன். நல்ல சாலையில் சீராக ஓடும் காருக்கு முப்பது குதிரைத் திறன் இருந்தால் தாராளம்; மீதி நானூற்றுச் சொச்சமும், முந்திச் செல்லும்போது சில விநாடிகள் விழித்துக்கொண்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். படகுக்கோ, தண்ணீரைத் தள்ளி மேலே எழும்பி ஓடுகிற அத்தனை நேரமும் பாரம் உண்டு. இறக்கம் என்பதே இல்லாத மலைப்பாதையில், காலை முதல் மாலை வரை, ஒரே கியரில் வண்டியை ஏற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது அது. ஆகையால் எண்ணெய் அதிகம் கொள்ளும் தொட்டி வேண்டும். அந்த எண்ணெயைக் குளிர்விக்கத் தனிச் சாதனம் வேண்டும். இவையெல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும் பொருள்கள். பணத்தால் மட்டும் தீராத விஷயம் வேறொன்று உண்டு என்று சொல்லி, அலமாரியிலிருந்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கட்டைவிரலைவிடத் தடித்த எஃகு. ஒன்றரை முழம் உயரத்திலிருந்து சம்மட்டியால் அடித்தாலும் இலேசில் வளையாத வஸ்து. அது நடுவில் நெளிந்து, முறுக்கிப் பிழிந்த ஈரத்துணிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எதில் மோதி இப்படி ஆயிற்று என்று கேட்டேன். “ஒரு டம்ளர் தண்ணீரில்” என்றார். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால், விட்டுக்கொடுக்கவேண்டியது இந்த எஃகுதான்.

சிலிண்டருக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியதால், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காரின் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்தாலும் கீழே காற்று வீசி ஆற்றிவிடும்; மூடிய படகின் அடிவயிற்றில் அப்படிக் காய்ந்தால் படகே பற்றிக்கொள்ளும். ஆகவே புகைக்குழாயைச் சுற்றி இன்னொரு உறைபோட்டு அதில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். ஓடிய தண்ணீரைக் கடைசியில் புகையோடு கலந்து வெளியே துப்பிவிடுகிறார்கள். இனி வால்வுகளின் கதை. எரிந்த புகை வெளியேறும் வால்வு மூடி முடிப்பதற்குள், புதிய கலவை நுழையும் வால்வு திறக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் அந்த இமைப்பொழுதுக்கு ‘ஓவர்லாப்’ என்று பெயர். வேகத்தில் ஓடும்போது, விரைந்து வெளியேறும் புகை, தனக்குப் பின்னால் புதிய கலவையை இழுத்துவிடுகிறது. சக்திக்குப் பேர்போன என்ஜின்களில் அந்தப் பொழுதை நீட்டிவைப்பது இதனால்தான். ஆனால் மெதுவாக ஓடும்போது உள்ளே உறிஞ்சும் வேகம் மேலோங்கி, வெளியே போன புகை திரும்பி வருகிறது. காரில் திரும்பி வருவது வெறும் புகை. அதனால் என்ஜின் சற்றே தடுமாறி, ‘டுப், டுப்’ என்று ஒரு குண்டான சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே பணம் கொடுக்கும் இளைஞர்கள் உண்டு. படகில் அந்தப் புகையோடு தண்ணீர்த் திவலையும் திரும்பி வருகிறது. முதலில் வால்வின் தண்டு துருப்பிடிக்கும்; பிறகு சிலிண்டர் சுவர்; ஒருநாள் காலையில் கனெக்டிங் ராடு.

ஆக, முழு வேகத்தில் ஏரியைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது இல்லாத ஆபத்து, கரையோரம் சாதுவாக ஊர்ந்து வரும்போது வந்து சேருகிறது. லண்டன் பாலத்துக்கு அடியிலுள்ள கால்வாயில் அலை எழும்பாமல் ஊர்ந்துதான் போகவேண்டும் என்பது சட்டம். அதன் இரு கரையிலும் ஜனங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இடமும் அதுவே. எனவே, தங்கள் என்ஜினின் தடுமாறும் கம்பீரச் சத்தத்தை உலகம் கேட்கட்டும் என்று எல்லாப் படகுக்காரர்களும் அங்கேயே போய்வந்துகொண்டிருப்பார்கள். “எனக்குக் கிடைக்கும் வேலையில் பாதி அந்தக் கால்வாயிலிருந்து வருகிறது” என்று பெரியவர் சிரிக்காமல் சொன்னார்.

என்ஜினை அவர் பிரிக்கச் சொன்னபோது, புதுப் புடவையைக் கத்தரிக்கக் கொடுத்தவன்போல் என் அண்ணன் மகன் நின்றான். வேலையைச் செய்தது அந்தப் பெண்மணி. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டில், ஓவர்லாப் குறைவான வேறொன்றை எடுத்து, அதன் புடைப்புகளுக்குச் செக்கச்செவேலென்ற பசையைத் தடவி, என்ஜினின் முன்பக்கத் துவாரத்தின் வழியே உள்ளே செலுத்தினாள். முழங்கை நீளத்துக்கு மேலான அந்தத் தண்டு, ஐந்து பேரிங்குகளைக் கடந்து போகவேண்டும். ஒரு புடைப்பு எதிலாவது உரசினாலும் பேரிங்கில் கீறல் விழும். அவள் கண்களைப் பாதி மூடிக்கொண்டு, விரல் நுனியிலேயே பார்வையை வைத்துக்கொண்டவளாக, அரையங்குலம் தள்ளி, சற்றுத் திருப்பி, மறுபடி அரையங்குலம் தள்ளினாள். பிறகு, பாகைகள் குறித்த ஒரு வட்டத் தகட்டை முன்னால் மாட்டி, முள் ஆடும் அளவுகருவி ஒன்றைப் பொருத்தி, வால்வு எந்தப் பாகையில் எழும்புகிறது என்று மூன்று தரம் கணக்குப் பார்த்தாள். மூன்று தரமும் ஒரே விடை வந்தது. இருந்தும் நாலாவது தரம் பார்த்தாள். அந்த நாலாவது தரத்துக்கு யாரும் கூலி கொடுக்கப்போவதில்லை.

“அப்படியானால் 502 குதிரையும் இருக்காதா?” என்று பையன் தாழ்ந்த குரலில் கேட்டான். “சில குதிரைகளை லாயத்தில் கட்டிவைத்துவிட்டுப் போகிறோம்; மற்றவை உயிரோடு திரும்பி வரும்” என்றார் பெரியவர்.

இவன் என்றைக்காவது படகைக் கலிஃபோர்னியாக் கடலுக்கும் கொண்டுபோக ஆசைப்பட்டான். ஏரி ஜலத்தை நேரே என்ஜினுக்குள் விட்டுக் குளிர்வித்தாலும் பல வருஷங்கள் தாங்கும்; உப்பு ஜலம் அப்படியல்ல; இந்த என்ஜினின் சிலிண்டர் தலைகளோ அலுமினியம். ஆகையால், உள்ளே நல்ல குளிர்திரவம் மட்டும் சுற்றி வரவும், அதன் சூட்டை வெளித் தண்ணீர் ஒரு செம்புக்குழாய்க் கூட்டத்தின் வழியே வாங்கிக்கொண்டு போகவும் ஏற்பாடு செய்தார்கள். என்ஜின் பக்கவாட்டிலுள்ள தகட்டு மூடிகள் இரும்பாயிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுப் பித்தளை மூடிகளை அடித்துப் பொருத்தினாள் அந்தப் பெண்மணி. சுத்தி விழும்போது முதலில் ‘டொக்’ என்றிருந்த நாதம், மூடி தன் இடத்தில் உட்கார்ந்ததும் ‘டங்’ என்று கெட்டியாயிற்று, அதோடு நிறுத்திக்கொண்டாள். புகைக்குழாய் வேலை சொனோராக்காரருடையது. தண்ணீரும் புகையும் கலக்கும் இடத்தை என்ஜினுக்கு எட்டாத தூரத்துக்கு, குழாயின் கடைசி முனைவரை தள்ளிவைத்து, ஒவ்வொரு பற்றுக்கும் உள்ளே விளக்கைச் செலுத்திப் பார்த்தார்.

நெருப்பு சம்பந்தமான காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தெருவோடு போய்விடும், படகில் கசிந்தால் கிண்ணத்தில் பால்போல் அடியில் தங்கும். ஆகவே ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். கார்பரேட்டரின் வாயில் சுவாலையைத் தடுக்கும் சல்லடை வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதி சொல்கிறது. 1940 ஏப்ரலுக்குப் பின் படகுக்குள் பொருத்திய பெட்ரோல் என்ஜின்களுக்கெல்லாம் அது பொருந்தும். சாவியைத் திருப்புவதற்கு முன் நாலு நிமிஷம் விசிறியை ஓட்டி அடிவயிற்றின் காற்றை வெளியேற்றவேண்டும். கார் ஆல்டர்னேட்டரும் படகு ஆல்டர்னேட்டரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். விலை மட்டும் வேறு. வர்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வாடிக்கைக்காரர்கள் இங்கே வந்து பேரம் பேசுகிறார்களே என்பது பெரியவருடைய நெடுநாளைய மனத்தாங்கல்.

வேனிற் காலத்தில் இவர்கள் விடிவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கி, உச்சிக்கு முன்னால் முடித்துவிடுகிறார்களாம். அரிசோனா மாநிலத்திலேயே அதிகமான வெப்பம், 128 டிகிரி ஃபாரன்ஹீட், 1994 ஜூன் 29-ல் இந்த ஊரில்தான் பதிவாயிற்று. வாசலில் மறந்துவைத்த ஸ்பானரை எடுத்துக் கை வெந்த தழும்பைச் சொனோராக்காரர் எனக்குக் காட்டினார்; ஸ்பானரின் வாய் அமைந்த விதம்கூட அதில் தெரிந்தது.

மே மாதத்தில் மறுபடி போனோம். படகை ஏரியில் இறக்கி, ப்ரொப்பெல்லரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்கள். அதன் இதழ்களின் சரிவைக் குறிக்கும் ‘பிட்ச்’ ஓர் அங்குலம் கூடினால் என்ஜின் வேகம் நிமிஷத்துக்கு நூற்றைம்பது இருநூறு சுற்றுகள் குறைந்துபோகிறது. மூன்றாவது ப்ரொப்பெல்லர் சரியாக அமைந்தது. படகு எழும்பி ஓடிய வேகத்தில் என் மூக்குக்கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டதைத் தவிர அதைப் பற்றி எழுத என்னிடம் விஷயமில்லை. காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

பெரியவருக்கோ அந்த ஓட்டத்தில் அக்கறையே இல்லை. “இனி பாலத்துக்குப் போ, முக்கால் மணி ஊர்ந்துவிட்டு வா” என்றார். போனோம். பாலத்தின் கல் வளைவுகளின் நிழலில், இரு கரையிலும் ஜனங்கள் பார்த்திருக்க, நாலு தரம் போய்வந்தோம். பக்கத்தில் வந்த படகுகளெல்லாம் இருமி உறுமிக்கொண்டிருக்க, எங்களுடையது தையல் இயந்திரம்போல் சீராக ஓடிற்று. ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையனுக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.

கரைக்கு வந்ததும் என்ஜினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் அந்தப் பெண்மணி கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து முனையைப் பார்த்தாள், துணியில் ஒற்றினாள். “எட்டும் காய்ந்திருக்கின்றன” என்றாள். பெரியவர் தலையசைத்தார். அசைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு துணிக்கு முன்னால் மெதுவாகக் குந்தி, முதல் பிளக்கிலிருந்து ஆரம்பித்தார்.